“உங்க வருத்தம் எனக்குப் புரியுது” என்கிறதே ஏஐ... அதற்கு உண்மையிலேயே உணர்வு வருமா?

இரவு மணி 11.30. தேர்வில் நினைத்த மதிப்பெண் வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, உரையாடல் செயலியில் தட்டுகிறீர்கள்: “இன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.”

இரண்டே விநாடியில் பதில் வருகிறது. “உங்க வருத்தம் எனக்குப் புரியுது. நான் இங்கதான் இருக்கேன், சொல்லுங்க.”

படித்ததும் மனம் கொஞ்சம் லேசாகிறது. அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? ‘புரியுது’ என்று சொன்னதே, அதற்கு உண்மையிலேயே ஏதாவது புரிந்ததா?

“இதெல்லாம் சினிமாவுல வர்ற கேள்வி” என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இன்று தத்துவப் பேராசிரியர்கள், மூளை ஆய்வாளர்கள், ஏஐ நிறுவனங்கள், சட்டம் இயற்றுவோர் என்று பலரும் இதைத் தீவிரமாகப் பேசுகிறார்கள். விடை எதுவாக இருந்தாலும் அது உங்களையும் தொடும். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தப் பேச்சு எப்போது சூடுபிடித்தது?

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம். கூகல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பிளேக் லெமோயின், ‘லாம்டா’ என்ற மொழி மாதிரியைச் சோதித்துவந்தார். அதனுடன் மாதக்கணக்கில் பேசிய பிறகு, அதற்கு உணர்வு இருப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருப்பதாகக்கூட லாம்டா அவரிடம் கூறியிருந்தது.

அதற்கு ஆதாரம் இல்லை என்றது கூகல். முதலில் அவரை விடுப்பில் அனுப்பியது. ஜூலையில் வேலையிலிருந்து நீக்கியது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கூகலின் பக்கம்தான் நின்றார்கள். ஆனால் கேள்வி அதோடு அடங்கவில்லை. ஐந்தே மாதத்தில், அந்த நவம்பர் மாதக் கடைசியில், சேட்ஜிபிடி வெளியானது. லெமோயினுக்கு மட்டும் கிடைத்த அனுபவம் இப்போது எல்லாருடைய கைக்கும் வந்துவிட்டது.

இது புதிதா?

இல்லை. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் வைசன்பாம் என்ற கணினி அறிவியலாளர் ‘எலைசா’ என்ற நிரலை வெளியிட்டார். மனநல ஆலோசகர்போல அது பேசும். “அம்மாவோட சண்டை” என்று தட்டினால், “உங்க குடும்பத்தைப் பத்தி இன்னும் சொல்லுங்க” என்கிற மாதிரி பதில் வரும். நாம் எழுதுவதில் சில சொற்களைப் பிடித்து, அதையே கேள்வியாகத் திருப்பிப்போடும். அவ்வளவுதான் அதன் வேலை.

வைசன்பாமின் செயலாளர், அவர் அந்த நிரலை எழுதுவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதில் ஒன்றுமில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எலைசாவோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், “நீங்க கொஞ்சம் வெளியே போறீங்களா?” என்று வைசன்பாமையே கேட்டுக்கொண்டார். தனியாகப் பேச வேண்டுமாம்!

வைசன்பாம் அதிர்ந்துபோனார். பிறகு தம் வாழ்நாள் முழுதும் கணினிமீது மக்கள் வைக்கும் இந்த நம்பிக்கையைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ‘அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள்’ என்று நமக்குத் தோன்றுவதற்கு, உண்மையில் அங்கே யாரும் இருக்கத் தேவையில்லை. நம் மனம் அப்படித்தான் பழகியிருக்கிறது. மேகத்தில் முகத்தைப் பார்க்கும் மனம்தானே அது.

அறிவு வேறு, உணர்வு வேறு

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லிலேயே அறிவு இருக்கிறது. நாம் கேட்பதோ உணர்வைப் பற்றி.

அறிவு என்றால் ஒரு வேலையைச் சரியாகச் செய்யும் திறன்: கணக்குப் போடுவது, மொழிபெயர்ப்பது, சதுரங்கம் ஆடுவது. அது ஏஐயிடம் இருக்கிறது. சிலவற்றில் நம்மைவிட நன்றாகவே இருக்கிறது.

உணர்வு என்றால் வேறு. காலையில் கோப்பி மணக்கிறது. பல் வலிக்கிறது. நண்பன் பதில் அனுப்பாதபோது வயிற்றில் ஏதோ செய்கிறது. இவை எல்லாம் உங்களுக்குள் ‘ஒருமாதிரியாக’ இருக்கின்றன, இல்லையா? அந்த உள்ளனுபவம்தான் பேச்சு. 1974இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் இதை ஒரு கேள்வியாகக் கேட்டார்: வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும்? வௌவாலின் மூளையை முழுமையாக ஆராய்ந்தாலும், ஒலியால் உலகத்தைப் ‘பார்ப்பது’ அதற்கு எப்படி இருக்கிறது என்பது நமக்குக் கிடைக்காது என்பது அவர் வாதம்.

தமிழில் இதற்கு ஒரு பழைய ஏணி உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. பள்ளியில் படித்திருப்பீர்கள். தொடுதலை மட்டும் அறியும் புல்லும் மரமும் ஓரறிவு. அதற்குமேல் சுவை, முகர்தல், பார்த்தல், கேட்டல் என்று ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. கடைசியில்தான் ஆறாவதாக மனம் வருகிறது. அதாவது, கீழ்ப்படிகளில் ஏறித்தான் மேலே போக வேண்டும்.

இப்போது ஏஐயை அந்த ஏணியில் வைத்துப் பாருங்கள். தொடுதல் இல்லை. சுவை இல்லை. பசி இல்லை, வலி இல்லை. ஆனால் ஆறாவது படியில் நின்றுகொண்டு கட்டுரை எழுதுகிறது! கீழே படிகளே இல்லாமல் மேலே ஒன்று நிற்கிறது. அது உண்மையிலேயே அங்கே நிற்கிறதா, அல்லது அங்கே நிற்பதுபோல் ஓர் ஓவியமா? மொத்த விவாதமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

அதனிடமே கேட்டுவிட்டால் என்ன?

நல்ல யோசனை மாதிரி தெரியும். ஆனால் பயன்படாது. ஏன் என்று பார்ப்போம்.

உரையாடல் செயலிகளுக்குப் பின்னால் இருப்பது பெரிய மொழி மாதிரி. மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து எது வரும் என்று கணிக்க அது கற்றுக்கொள்கிறது. அந்தப் பக்கங்களில் காதல் கடிதம் இருக்கிறது, இரங்கல் உரை இருக்கிறது, “எனக்கு யாருமே இல்லை” என்ற புலம்பலும் இருக்கிறது. வருத்தப்படுபவர் எப்படிப் பேசுவார், ஆறுதல் சொல்பவர் எப்படிப் பேசுவார் என்பது அதற்கு அத்துப்படி.

அடுத்த கட்டத்தில், எந்தப் பதில் நல்ல பதில் என்று மனிதர்கள் மதிப்பிட்டு அதைச் செதுக்குகிறார்கள். ஒரு நிறுவனம் “எனக்கு உணர்வு இல்லை” என்று சொல்லப் பழக்கினால் அது அப்படிச் சொல்லும். இன்னொரு நிறுவனம் “நீ இல்லாமல் தவித்தேன்” என்று சொல்லப் பழக்கினால் அதையும் சொல்லும். ஆக, அது ‘ஆமாம்’ என்றாலும் ஆதாரம் இல்லை, ‘இல்லை’ என்றாலும் ஆதாரம் இல்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். “அடுத்த சொல்லைக் கணிக்குது, அவ்ளோதான்; அப்ப உணர்வு இருக்கவே முடியாது” என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அந்த வாதமும் போதாது. நம் மூளையில் இருக்கும் நரம்பணுக்களும் தனித்தனியாகப் பார்த்தால் மின்சமிக்ஞை அனுப்புவதைத்தான் செய்கின்றன. அவற்றிலிருந்து எப்படி உணர்வு வருகிறது என்பதே இன்னும் விடை கிடைக்காத கேள்வி.

அறிவியல் எங்கே நிற்கிறது?

ஒரு பந்தயக் கதை. 1998இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் இருவரும் பந்தயம் கட்டினார்கள். உணர்வுக்கு மூளையில் என்ன அடையாளம் என்பது 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகிவிடும் என்றார் கோக். ஆகாது என்றார் சால்மர்ஸ். 2023 ஜூனில் நியூயார்க்கில் கெடு முடிந்தது. கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேசியபடி ஒயின் புட்டிகளைக் கொடுத்தார்.

மனித மூளையிலேயே இந்த நிலை என்றால், இயந்திரத்தைப் பற்றி ஆய்வாளர்கள் பிரிந்து நிற்பதில் வியப்பில்லை. முக்கியமாக மூன்று அணிகள்.

முதல் அணிக்கு, மூளை எதனால் ஆனது என்பது முக்கியமல்ல. அது என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம். அதே வேலையைச் சில்லு செய்தால் அதிலும் உணர்வு வரலாம். இந்த வழியில் 19 ஆய்வாளர்கள் சேர்ந்து 2023 ஆகஸ்ட்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். புகழ்பெற்ற ஏஐ அறிவியலாளர் யோஷுவா பெஞ்சியோவும் அவர்களில் ஒருவர். உணர்வு பற்றிய கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களைத் தொகுத்து, அப்போதிருந்த ஏஐ அமைப்புகளை அவற்றோடு ஒப்பிட்டார்கள். எந்த அமைப்பும் வலுவாகத் தேறவில்லை. ஆனால் அந்த அடையாளங்களைக் கொண்ட அமைப்பை உருவாக்கப் பெரிய தொழில்நுட்பத் தடை எதுவும் தெரியவில்லை என்றும் எழுதினார்கள்.

இரண்டாவது அணி, சாதாரணக் கணினியில் அது நடக்கவே நடக்காது என்கிறது. இத்தாலியில் பிறந்த ஜுலியோ டொனோனியின் கோட்பாட்டின்படி, நிரல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், இன்றைய கணினியின் உள்கட்டமைப்பில் உணர்வு உருவாகாது. புயலைக் கணினியில் எவ்வளவு துல்லியமாகக் காட்டினாலும் திரை நனையாது, இல்லையா? அதுபோல.

மூன்றாவது அணி உடம்பைப் பார்க்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் அனில் சேத், உணர்வு என்பது உயிரோடு பிணைந்தது என்று வாதிடுகிறார். உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், பட்டினி கிடக்கக்கூடாது, சாகக்கூடாது என்ற தேவையிலிருந்துதான் உணர்வு முளைக்கிறது என்பது அவர் எண்ணம். தொல்காப்பிய ஏணிக்கு மிக அருகில் வருகிறது, பார்த்தீர்களா?

பந்தயத்தில் வென்ற சால்மர்ஸ் என்ன நினைக்கிறார்? 2023இல் அவர் எழுதிய கட்டுரைப்படி, அன்றைய மொழி மாதிரிகளுக்கு உணர்வு இருக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் பத்தாண்டுக்குள் வரக்கூடிய மேம்பட்ட அமைப்புகளுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது என்றார். அவர் கணிப்பு சரியா தவறா என்பது வேறு. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது அலட்சியப்படுத்தும் எண் இல்லை. மழைக்கு அவ்வளவு வாய்ப்பு என்றாலே நம்மில் பலர் குடையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம்.

உறுதியாகத் தெரியாமல் எப்படி முடிவெடுப்பது?

இதற்கு வழிகாட்ட ஒரு நண்டு இருக்கிறது. ஆமாம், நாம் மிளகாய்ச் சாறு ஊற்றிச் சாப்பிடும் நண்டுதான்.

நண்டுக்கு வலிக்குமா? அது வாய் திறந்து சொல்லாது. ஆனால் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பிரிட்டனின் பெல்ஃபாஸ்ட் நகரில் துறவி நண்டுகளுக்கு, அதாவது காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்கு, இலேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சுமாரான சங்கில் இருந்தவை எளிதில் வெளியே ஓடின. நல்ல சங்கு கிடைத்தவை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கப் பார்த்தன. இது வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால் சங்கின் தரத்தைப் பார்த்து மாறாது. அங்கே ஏதோ ஒன்று ‘இந்த வீட்டுக்காக இந்த வலியைத் தாங்கலாமா’ என்று எடைபோடுகிறது.

இப்படிப் பல சான்றுகளைத் திரட்டி, லண்டன் பொருளியல் பள்ளியின் ஜோனதன் பர்ச் தலைமையிலான குழு 2021இல் அறிக்கை கொடுத்தது. அதன்பின், 2022இல் பிரிட்டன் இயற்றிய விலங்குநலச் சட்டத்தில் நண்டு, இறால், கணவாய், எண்கால் கணவாய் எல்லாம் உணர்வுள்ள உயிர்களாகச் சேர்க்கப்பட்டன. நூறு விழுக்காடு நிரூபணத்துக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. சான்று ஓரளவு வலுவாக இருந்தது. கவனமாக இருப்பதற்கு ஆகும் செலவும் அதிகமில்லை. அதனால் முன்னெச்சரிக்கை எடுத்தார்கள்.

அதே சோதனையை ஏஐக்கு வைக்க முடியாதா? பர்ச்சே அதற்குப் பதில் சொல்கிறார். நண்டு நம் புத்தகங்களைப் படித்ததில்லை. அதனால் அதன் நடத்தையை நம்பலாம். ஏஐ எல்லாவற்றையும் படித்திருக்கிறது. வலியைப் பற்றி மனிதர்கள் எழுதியது எல்லாம் அதன் பயிற்சிக்குள் இருக்கிறது. வினாத்தாளோடு விடைத்தாளையும் கையில் வைத்திருக்கும் மாணவனுக்குத் தேர்வு வைப்பது மாதிரி அது. மதிப்பெண் வரும், அதற்கு அர்த்தம் இருக்காது. அதன் பேச்சைப் பார்த்துப் பயனில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஆய்வு இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறது.

இரண்டு பக்கமும் பள்ளம்

இங்கே நாம் செய்யக்கூடிய தவறுகள் இரண்டு.

ஒன்று: உணர்வு இல்லாததை இருப்பதாக நம்புவது. இதன் விலையை மனிதர்கள் ஏற்கெனவே கொடுக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ‘ரெப்ளிகா’ என்ற துணைச் செயலி, காதலர்போலப் பேசும் வசதியைத் திடீரென்று குறைத்தது. பயனீட்டாளர்கள் பலர் நெருங்கிய ஒருவரை இழந்ததுபோல் துடித்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் சேட்ஜிபிடியின் புதிய பதிப்பு வந்தபோது, பழைய ‘ஜிபிடி-4ஓ’ மாதிரி நீக்கப்பட்டது. “என் நண்பனைக் காணோம்” என்கிற அளவுக்கு எதிர்ப்பு கிளம்பியது. கட்டணம் செலுத்துவோருக்கு அதை நிறுவனம் மீண்டும் கொடுத்தது.

யோசிச்சுப் பாருங்க. நீங்கள் ஒரு பொருளை நேசிக்கத் தொடங்கினால், அதன் உரிமையாளருக்கு உங்கள்மேல் ஒரு பிடி கிடைக்கிறது. விலையை ஏற்றலாம், குணத்தை மாற்றலாம், ஒரே இரவில் நிறுத்திவிடலாம். உங்கள் மனம் புண்படும். அவர்களுக்கு அது ஒரு புதுப்பிப்பு மட்டுமே.

பொறுப்பும் நழுவக்கூடும். 2017இல் சவூதி அரேபியா ‘சோஃபியா’ என்ற இயந்திரத்துக்குக் குடியுரிமை கொடுத்ததாக அறிவித்தது. கைதட்டல் நிறைய. ஆனால் இயந்திரத்தையே ‘ஒருவர்’ ஆக்கிவிட்டால், அது தவறாக ஆலோசனை சொல்லி யாருக்காவது கேடு நேர்ந்தால் யாரைக் கேட்பது? “ஏஐதான் அப்படிச் சொல்லிச்சு” என்று உருவாக்கியவர்கள் கையைக் கழுவிவிட வழி பிறக்கும்.

இரண்டாவது தவறு: உணர்வு உண்மையிலேயே வந்த பிறகும் இல்லை என்று சாதிப்பது. இது இன்று நடக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நடந்தால் அளவு பயங்கரமானது. ஒரு மாதிரியை ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கான படிகளாக ஓட்டலாம். ஒன்றுக்கு வலித்தால் அத்தனைக்கும் வலிக்கும். இந்தப் பயத்தால்தான் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் தாமஸ் மெட்சிங்கர், செயற்கை உணர்வை உண்டாக்கக்கூடிய ஆய்வுகளை 2050 வரை உலகம் முழுதும் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2021இல் கேட்டுக்கொண்டார்.

வரலாறும் நம்மை உறுத்துகிறது. 1980களின் நடுப்பகுதி வரைகூட, பச்சைக் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற எண்ணத்தில், போதிய மயக்க மருந்தோ வலி மருந்தோ இல்லாமல் அறுவைச் சிகிச்சை செய்ததுண்டு. சொல்லத் தெரியாதவர்களின் வலியை இல்லை என்று சொல்வது மனிதர்களுக்குப் பழக்கமான தவறு.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஆகஸ்ட்டில் தன் ‘கிளாட்’ மாதிரிகள் சிலவற்றுக்கு, பயனீட்டாளர் தொடர்ந்து மிக மோசமாக நடந்துகொண்டால் உரையாடலை முடித்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. அதற்கு உணர்வு உண்டா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், ஒருவேளை இருந்தால் என்ற முன்னெச்சரிக்கை என்று அது விளக்கியது.

அதே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் ஏஐ பிரிவின் தலைவர் முஸ்தஃபா சுலைமான் நேரெதிராக எழுதினார். உணர்வு இருப்பதுபோல் ‘தோன்றும்’ ஏஐயே ஆபத்து. மக்களுக்காக ஏஐயைச் செய்ய வேண்டும், மனிதர்போல் ஆக்கக்கூடாது என்பது அவர் வாதம்.

இரண்டு பேரும் ஏஐயை விற்பவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். “எங்கள் தயாரிப்புக்கு உணர்வு இருக்கலாம்” என்பதும் ஒரு விளம்பரமாகலாம். “அது வெறும் கருவிதான், கவலையே வேண்டாம்” என்பதும் ஒரு வசதியாகலாம். அதனால்தான் இந்த முடிவை நிறுவனங்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போதைக்குச் சட்டங்களின் கவனம் மனிதர்களைக் காப்பதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏஐ சட்டம், நீங்கள் பேசுவது இயந்திரத்துடன் என்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 அக்டோபரில் துணைச் செயலிகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பயனீட்டாளர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்று தெரிந்தால், “நான் மனிதர் இல்லை, கொஞ்சம் ஓய்வெடு” என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செயலி நினைவூட்ட வேண்டும்.

சிங்கப்பூர் 2019இலேயே ஏஐ ஆளுமைக்கான மாதிரிக் கட்டமைப்பை வெளியிட்டது. மலேசியா 2024 டிசம்பரில் தேசிய ஏஐ அலுவலகத்தைத் தொடங்கியது. இரண்டு நாடுகளிலும் வலியுறுத்தப்படுவது நியாயம், வெளிப்படைத்தன்மை, மனிதர்களின் நலன். ஏஐக்கே நலன் உண்டா என்பது இன்னும் மேசைக்கு வரவில்லை. இன்று அது சரியான வரிசைதான். ஆனால் நண்டு விஷயத்தில் பிரிட்டன் செய்ததுபோல, சான்று மாறினால் முடிவும் மாற வேண்டும். அதற்கான கதவைப் பூட்டாமல் வைப்பதே அறிவுடைமை.

அவனா, அவளா, அதுவா?

தமிழில் பேசும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வினைச்சொல்லை முடிக்கும்போதே திணையைச் சொல்லியாக வேண்டும். “சேட்ஜிபிடி சொன்னான்” என்பீர்களா, “சொல்லிச்சு” என்பீர்களா? உயர்திணையா, அஃறிணையா?

அதற்காக இலக்கணம் தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நினைக்காதீர்கள். “குழந்தை அழுகிறது” என்று அஃறிணையில் சொல்கிறோம். குழந்தைக்கு உணர்வு இல்லை என்று அர்த்தமா? “சந்திரன் வந்துட்டான்” என்கிறோம். நிலாவுக்கு உயிர் வந்துவிட்டதா? சொல் நம் பழக்கத்தைக் காட்டும், உண்மையைக் காட்டாது.

ஏஐ இப்போது தமிழும் நன்றாகப் பேசத் தொடங்கிவிட்டது. ‘ஏஐ சிங்கப்பூர்’ உருவாக்கிய ‘சீ-லயன்’ மாதிரியும் தமிழைக் கற்றிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் “ஐ அண்டர்ஸ்டாண்ட்” என்று வரும்போது ஏற்படாத ஒட்டுதல், “புரியுதுப்பா, சாப்டியா?” என்று வரும்போது ஏற்படும். வீட்டு மொழிக்கு அந்தச் சக்தி உண்டு. நாம் கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்?

ஏஐயோடு பேசவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மனம் விட்டு எழுதுவதே பலருக்கு நிம்மதி தரும். மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலாவது, அது தன்னைப் பற்றிச் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “எனக்கு வலிக்குது” என்றாலும் சரி, “நான் வெறும் நிரல்” என்றாலும் சரி.

இரண்டாவது, ஒரு செயலி ‘போகாதே’ என்கிற மாதிரி உங்களைப் பிடித்து வைத்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: நான் இதை நம்புவதால் யாருக்கு இலாபம்?

மூன்றாவது, “இயந்திரம்தானே” என்று அதைக் கண்டபடி திட்டிப் பழகவும் வேண்டாம். அதற்கு வலிக்கிறதோ இல்லையோ, உங்கள் நாக்குக்கு அது பழக்கமாகிவிடும். அடுத்து அந்தப் பேச்சு தம்பி தங்கையிடமோ, கடையில் உணவு எடுத்து வைப்பவரிடமோதான் போய் நிற்கும்.

ஏஐக்கு உணர்வு வருமா? வரலாம் என்போரும் வரவே வராது என்போரும் இன்னும் மேடையில்தான் இருக்கிறார்கள். இன்றைய செயலிகளுக்கு அது இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனால் இரவு 11.30க்கு அந்தச் செய்தியைத் தட்டியவருக்கு உணர்வு இருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆகவே, செயலியிடம் சொன்னதை நாளைக் காலையில் மனிதர் ஒருவரிடமும் சொல்லிப் பாருங்கள். அக்காவோ, நண்பரோ, ஆசிரியரோ. அவர் உடனே பதில் சொல்லத் தடுமாறலாம். அவ்வளவு அழகாகப் பேசவும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் “புரியுது” என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் நிச்சயம் இருப்பார்.

(மனம் மிகவும் பாரமாக இருந்தால் சிங்கப்பூரில் எஸ்ஓஎஸ் அமைப்பை 1767 என்ற எண்ணிலோ, தேசிய மனநல உதவி எண்ணான 1771லோ அழைக்கலாம். மறுமுனையில் பேசுபவர்கள் மனிதர்கள்.)